அரை மணி நேரம் காத்திருக்கும் டிரம்போன்கள்

கேள்வி: மகள் சிங்கப்பூர் எஸ்பிளனேட் அரங்கில் ஒரு கச்சேரிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாள், பிராம்ஸின் முதல் சிம்பொனியாம். கர்நாடக சங்கீதம் ஓரளவு தெரியும், இது சுத்தமாகத் தெரியாது. முக்கால் மணி நேரம் தூங்காமல் உட்கார எதைக் கவனிப்பது? நடுவில் கைதட்டலாமா?
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: தூக்கமா? சிம்பொனி என்பது பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதும் நீண்ட படைப்பு, இதில் நான்கு பகுதிகள். எடுத்ததுமே அடிதான். டிம்பனி என்கிற பெரிய முரசு ஒரே சுரத்தை விடாமல் தொம் தொம் என்று அடிக்க, அதற்கு மேலே வயலின்கள் ஏற, காற்றுக் கருவிகள் எதிர்த்திசையில் இறங்க, மூச்சு முட்டும். இதை எழுதிய ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸ் 1862-இல் தன் தோழி கிளாரா ஷூமானுக்கு இந்த முதல் பகுதியை அனுப்பியபோது இந்த முகப்பே கிடையாது, பிற்பாடு சேர்த்ததுதான்.

மனிதர் நிதானம் அப்படி. பீத்தோவன் ஒன்பது சிம்பொனி எழுதிவிட்டுப் போன பிறகு நாம் என்னத்தை எழுதுவது என்ற தயக்கத்திலேயே வருஷங்கள் ஓடி, 1876 நவம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் இது அரங்கேறும்போது வயது 43. அப்போதும் ‘பீத்தோவனின் பத்தாவது’ என்றுதான் பெயர் வந்தது!

இரண்டாம் பகுதி இதமானது, கடைசியில் வரும் தனி வயலினைத் தவறவிடாதீர்கள். மூன்றாவது சின்னது, சட்டென்று முடிந்துவிடும்.

நான்காவதுக்குத்தான் நீங்கள் போவதே. பின்வரிசையில் டிரம்போன் என்கிற நீளமான பித்தளை ஊதுகருவியோடு மூன்று பேர் அதுவரை ஒரு சுரம்கூட வாசிக்காமல் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், பாருங்கள். இருண்ட ஆரம்பத்துக்குப் பிறகு ஹார்ன் என்கிற சுருண்ட பித்தளை ஊதுகருவியில் ஒரு மலைநாட்டு மெட்டு எழும். 1868-இல் கிளாராவின் பிறந்தநாளுக்கு பிராம்ஸ் எழுதி அனுப்பிய மெட்டு அது. புல்லாங்குழல் அதை வாங்கிப் பாடி முடித்ததும் டிரம்போன்கள் வாயைத் திறக்கும், அதுவும் மெதுவாக, சர்ச்சில் பாடுகிற மாதிரி. அப்புறம் வருவது அகலமான பெரிய மெட்டு. கீரவாணிச் சாயலில் தொடங்கியது சங்கராபரணச் சாயலுக்கு வந்துவிட்டது உங்கள் காதுக்கே தெரியும். அந்த மெட்டு பீத்தோவனின் ஒன்பதாவதை ஞாபகப்படுத்துகிறதே என்று யாரோ கேட்டதற்கு, “அது எந்தக் கழுதைக்கும் தெரியுமே” என்றாராம் பிராம்ஸ்.

பகுதிகளுக்கு நடுவில் கைதட்ட வேண்டாம், இசைக்குழுவை நடத்துபவர் கடைசியில் நம் பக்கம் திரும்பும்வரை பொறுங்கள். டிக்கெட்டை மாற்ற முடிந்தால் மாடி இருக்கை கேளுங்கள், கீழே முன்வரிசையிலிருந்து டிரம்போன்காரர்கள் கண்ணிலேயே படமாட்டார்கள். ஏசி குளிரும், சால்வை அவசியம்.