தண்டனை குறைவு என்று மனு எழுதாதீர்கள்

கேள்வி: 2022-இல் வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துக்காரர் கட்டையால் அடித்து என் முன்கை எலும்பு முறிந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கொலை முயற்சிக்கான 307-ஆம் பிரிவிலிருந்து அவரை விடுவித்து, கொடுங்காயம் விளைவித்ததற்கான 325-இன் கீழ் ஆறு மாதம் மட்டும் தண்டித்திருக்கிறார்கள். அரசு வழக்கறிஞர் மேல்முறையீடு செய்ய மறுக்கிறார். எதிர்த்தரப்போடு சேர்ந்துவிட்டாரோ என்று சந்தேகிக்கிறேன். தண்டனையைக் கூட்ட வழி உண்டா?

பதில்: அரசு வழக்கறிஞர் மீதான சந்தேகத்தை ஒதுக்கி வையுங்கள். மேல்முறையீடு செய்ய முடிவெடுப்பது அரசு, அவர் அல்ல; அரசு முடிவெடுத்தாலும், விடுதலையை எதிர்க்க உயர் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்குப் பொருட்படுவது ஒன்றுதான்: 307-இலிருந்து விடுவித்தது. நீங்கள் அதைத் தண்டனைக் குறைவு என்கிறீர்கள். சட்டம் அதைச் சிறிய குற்றத்துக்கான தண்டனை என்கிறது. தண்டனை போதாது என்று மேல்முறையீடு செய்யும் உரிமை அரசுக்கு மட்டுமே உண்டு, பாதிக்கப்பட்டவருக்கு இல்லை என்று 2020-இல் பர்விந்தர் கன்சால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் விடுதலையையும், சிறிய குற்றத்தின் கீழ் தண்டித்ததையும், இழப்பீட்டுக் குறைவையும் எதிர்த்து நீங்களே, யாருடைய அனுமதியும் இன்றி, மேல்முறையீடு செய்யலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 372, அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (BNSS) 413.

என்னிடம் வருபவர்கள் இழப்பது பெரும்பாலும் காலத்தைத்தான். அரசு மேல்முறையீட்டுக்குப் போகும் என்று காத்திருந்து, அது போகவில்லை என்று தெரியும்போது தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு நிற்கிறார்கள். அரசுக்குரிய 90 நாளை உங்கள் காலக்கெடுவாக எண்ண வேண்டாம். பாதிக்கப்பட்டவரின் மேல்முறையீட்டுக்கென அந்தப் பிரிவில் காலவரம்பு எழுதப்படவில்லை என்பதால், தீர்ப்பு வந்த 30 நாளுக்குள் தாக்கல் செய்வதே பாதுகாப்பு. செலவு குறைவு என்று, மேல்முறையீட்டுக்குப் பதிலாகச் சீராய்வு மனுவுக்கு (கீழ் நீதிமன்றத் தீர்ப்பில் பிழை உண்டா என்று மேல் நீதிமன்றத்தைப் பார்க்கக் கோருவது) யாராவது வழிகாட்டினால் மறுத்துவிடுங்கள். சீராய்வில் விடுதலையைத் தண்டனையாக மாற்ற முடியாது என்பதை, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஜோசப் ஸ்டீபன் வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்தது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. எதிரியும் 325-ஐ எதிர்த்து மேல்முறையீடு செய்வார். இரண்டும் சேர்ந்தே விசாரணைக்கு வரும். விடுதலை பெற்றவருக்கு, குற்றமற்றவர் என்ற அனுமானம் இரட்டிப்பாகிறது. சாட்சியத்திலிருந்து இரு முடிவுகளுக்கு வர இடமிருந்தால், மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுதலையில் கை வைக்காது. 307-க்கு வேண்டியது கொல்லும் எண்ணம், அல்லது மரணம் நேரும் என்ற அறிவு. கையில் ஒரே அடி, தலையிலோ மார்பிலோ காயம் இல்லை என்றால், அதை நிறுவுவது மிகக் கடினம். அதற்காக நீங்கள் அவிழ்க்கும் சாட்சிய முரண்பாடுகளே எதிரியின் வழக்கறிஞருக்கு 325-ஐ உடைக்கும் ஆயுதமாகிவிடலாம். கையில் இருக்கும் தண்டனையும் போய், ஆண்டுகளும் போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம்.

ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: மருத்துவ ஆவணங்களில் உயிர்நிலைக் காயம் ஏதும் இல்லையென்றால், சமரசத்துக்கு முயலுங்கள். 325 நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம். மேல்முறையீட்டு நிலையிலும் செய்யலாம். ஆனால் சமரசம் பதிவானால் எதிரி விடுதலையானவராகவே கருதப்படுவார் என்பதை அறிந்தே கையெழுத்திடுங்கள். சிகிச்சைச் செலவையும் இழந்த வருமானத்தையும் ஈடுகட்டும் முழுத் தொகை, நீதிமன்றம் பதிவு செய்யும் முன்பே உங்கள் வங்கிக் கணக்கில் வந்திருக்க வேண்டும், தவணையை ஏற்காதீர்கள். பேச்சு நடக்கிறது என்பதற்காக மேல்முறையீட்டைத் தள்ளிப்போடவும் வேண்டாம். தாக்கல் செய்துவிட்டே பேசுங்கள்.