பதினஞ்சு மீட்டர்

கேள்வி: 1987ல கடைசி நிமிஷத்துல முட்டாள்தனமா ஓடி, ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால்ல மெல்பர்ன் கிளப்போட பைனல் கனவையே கெடுத்த அயர்லாந்துக்காரர் ஜிம் ஸ்டைன்ஸ். அவரை இங்க எல்லாரும் தலையில தூக்கி வச்சு ஆடறாங்க. அன்னைக்கே அயர்லாந்துக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்திருக்க வேண்டாமா? (மெல்பர்ன் வாசகர் ஒருத்தர்)

பதில்: உங்க கிளப் ஆளுங்களே மறந்த கோவத்தை நீங்க இன்னும் ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கீங்க போல. சரி, நடந்ததைப் பார்ப்போம். வேவர்லி மைதானம், பைனலுக்கு முந்தின மேட்ச், எதிர்ல ஹாதார்ன் கிளப். மெல்பர்ன் 4 பாயிண்ட் முன்னால. 1964க்கு அப்புறம் அந்த வருஷம் வரைக்கும் பைனல்ஸ்ங்கற கடைசிக் கட்ட ஆட்டங்கள் பக்கமே எட்டிப் பார்க்காத டீம், ஜனங்க எப்படி உட்கார்ந்திருப்பாங்கன்னு யோசிச்சுக்கோங்க. சைரன் அடிக்கிற நேரத்துல ஹாதார்னோட கேரி பக்கனாராவுக்கு ஒரு ஃப்ரீ கிக், ஆனா கோல் ரொம்ப தூரம், உதைச்சாலும் போய்ச் சேர்றது கஷ்டம். அங்க ஸ்டைன்ஸ், தான் காவல் காக்கற எதிர் டீம் ஆளை விட்டுடக் கூடாதுன்னு பக்கனாராவுக்குக் குறுக்கால ஓடறான், அம்பயர் 15 மீட்டர் தண்டனை குடுக்கறாரு, பக்கனாரா முன்னால வந்து நின்னு உதைக்க பந்து நேரா உள்ள. கோலுக்கு 6, தோல்வி 2 பாயிண்ட்ல. (அடுத்த வருஷமே இந்தத் தண்டனையை 50 மீட்டர் ஆக்கிட்டாங்க. இவன் ஒரு வருஷம் லேட்டா ஓடியிருந்தா பக்கனாரா கோல் கம்பத்துக்கிட்டயே போய் நின்னிருப்பாரு!) கோச் ஜான் நார்தி ரூம்ல வச்சுத் திட்டினது கேமராவுலயே இருக்கு.

தப்புதான், யார் இல்லேன்னா? ஆனா அந்தக் காலு யாரோடதுன்னு பாருங்க. மூணு வருஷம் முந்தி வரைக்கும் அது டப்ளின்ல கேலிக் ஃபுட்பால்ங்கற அயர்லாந்து ஆட்டம் ஆடின காலு, உருண்டைப் பந்து, வேற ரூல். 84ல டப்ளின் மைனர் (சின்னப் பசங்க) டீமோட அயர்லாந்து பட்டம் ஜெயிச்ச கையோட, மெல்பர்ன் கிளப் ஸ்காலர்ஷிப் தர்றோம்னு பேப்பர்ல போட்ட விளம்பரத்தைப் பார்த்துட்டு 18 வயசுல பிளேன் ஏறினவன். அப்ப கோச் ரான் பராஸி, அயர்லாந்துப் பசங்களைக் கொண்டு வந்து பழக்கிப் பார்க்கலாம்னு நினைச்ச மனுஷன். வந்தா, முட்டை மாதிரி பந்து, தரையில தட்டினா எந்தப் பக்கம் எகிறும்னு அதுக்கே தெரியாது, ஓடும்போது அதைத் தட்டித் தட்டித் திரும்பப் பிடிக்கணும். சின்ன வயசுலேருந்து அதோட புரண்டவனுக்கே சில நாள் நழுவும். முதல்ல 19 வயசுக்குட்பட்டோர் டீம், அப்புறம் 86ல பிரஹ்ரான் கிளப்புக்குக் கடன் குடுத்து அனுப்பினாங்க, அதாவது "போய் கீழ ஆடிக் கத்துக்கிட்டு வாடா"ன்னு அர்த்தம். ஆறரை அடி உயரத்தை வச்சுக்கிட்டு போய்க் கத்துக்கிட்டான். 87லதான் மெயின் டீம்ல முதல் மேட்ச், அதே வருஷக் கடைசியில உங்க பதினஞ்சு மீட்டர்.

நீங்க டிக்கெட் எடுக்கச் சொல்றீங்க, திட்டின நார்தி எடுக்கலை. 91ல லீக்கோட சிறந்த ஆட்டக்காரனுக்குக் குடுக்கற பிரவுன்லோ மெடல் அவன் கழுத்துல. நடுவுல ஒரு மேட்ச் கூட விடாம 1998 வரைக்கும் தொடர்ச்சியா 244 மேட்ச், ரெக்கார்டு. எண்ணிப் பாருங்க, அந்த வேவர்லி மேட்சும் அந்த 244க்குள்ளதான் வருது.