மேல்நிலை ஆங்கில இலக்கிய வகுப்புக்கு என்ன செயல்திட்டம் கொடுக்கலாம்?

சுவரொட்டி ஒட்டுவதைத் தாண்டி மேல்நிலை வகுப்பில் ஆங்கில இலக்கியத்துக்கு என்ன செயல்திட்டம் தரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மாணவரை மூல வரிகளுக்குள் இழுக்கும் வேலையாகக் கொடுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது பதிப்பு ஒப்பீடு. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தின் 1603 பதிப்பில் 'டு பி, ஆர் நாட் டு பி' என்பதை அடுத்து 'ஐ, தேர்ஸ் த பாயிண்ட்' என்று வரும் (இங்கே 'ஐ' என்றால் 'ஆம்'). 1623 பதிப்பில் 'தட் இஸ் த கொஸ்டின்'. இரண்டையும் நடித்துக் காட்டட்டும். அப்புறம், எந்தச் சொல்லில் நிறுத்தினார்கள், யாரைப் பார்த்துப் பேசினார்கள், ஏன் என்று ஒரு பக்கம் எழுதட்டும். மதிப்பெண்ணில் பெரும்பகுதி அந்தப் பக்கத்துக்குத்தான், நடிப்புத் திறமைக்கு அல்ல. நேரம் குறைவா? ஒரு காட்சியை வேறொரு பாத்திரத்தின் பார்வையில் எழுதச் சொல்லுங்கள்; மூலத்தில் உள்ள உரையாடலை மட்டும் மாற்றக்கூடாது.