ஞானப்பல் எடுக்க மரப்பு ஊசி போதுமா, முழு மயக்கம் வேண்டுமா?

கேள்வி: என் கீழ்த்தாடையின் இரண்டு ஞானப்பற்களும் நேராக முளைக்காமல் சாய்ந்து, பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருக்கின்றன. ஈற்றைக் கீறி, எலும்பைச் சற்றுத் தேய்த்து, பல்லைத் துண்டாக்கித்தான் எடுக்க வேண்டும் என்றும், அதற்கு மரத்துப்போகும் ஊசியே போதும் என்றும் பல் மருத்துவர் சொல்கிறார். என் தோழிக்கோ நான்கு ஞானப்பற்களையும் மருத்துவமனையில் முழு மயக்கம் கொடுத்து ஒரே நாளில் எடுத்தார்கள். வலி என்றாலே எனக்குப் பயம். நானும் முழு மயக்கம் கேட்பதுதான் நல்லதா?

பதில்: மரப்பு ஊசி போட்டால் வலியை ஓரளவு பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும், முழு மயக்கத்தில்தான் வலியே இருக்காது என்று நீங்கள் எண்ணுவதாகத் தெரிகிறது. அது சரியன்று. முழு மயக்கத்தில் இருப்பவருக்கும்கூட, விழித்தவுடன் வலி தாக்காதிருப்பதற்காக, அதே மரப்பு ஊசியைப் பெரும்பாலும் சேர்த்தே போடுவார்கள். சிகிச்சை நடக்கும்போது எந்த அளவுக்கு விழிப்போடு இருக்கப்போகிறீர்கள் என்பதில்தான் முறைக்கு முறை வேறுபாடு இருக்கிறது. வீடு திரும்பிய பிறகு வரும் வலியும் வீக்கமும் எந்த முறையிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

மேல்தாடை எலும்பு நுண்துளைகள் நிறைந்தது என்பதால், பல்லின் வேரருகே ஈற்றில் போடும் மருந்து எளிதில் ஊறி உள்ளே சென்றுவிடும். கீழ்த்தாடையின் பின்பகுதி எலும்போ தடித்து இறுகியது. அங்கே அப்படி ஊறாது. எனவே, கீழ்ப்பற்களுக்குச் செல்லும் நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்திற்கு அருகிலேயே, அதாவது கடைசிப் பல்லுக்கும் பின்னால் தாடையின் உட்புறத்தில், ஊசி போட்டு அந்த நரம்பையே மரக்கச் செய்கிறார்கள். சில நிமிடங்களில் அந்தப் பக்கத்துக் கீழுதடு பாதி மட்டும் தடித்துப்போனது போலத் தோன்றும். "உதடு மரத்துவிட்டதா?" என்று மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான், அது மரக்காமல் கத்தியை எடுக்கக் கூடாது.

வழக்கமாகப் பயன்படுவது 2 சதவீத லிடோகெய்ன். அதனுடன் 80,000-இல் ஒரு பங்கு அல்லது 1,00,000-இல் ஒரு பங்கு என்ற அளவில் அட்ரினலின் கலந்திருக்கும். அட்ரினலின் அவ்விடத்து இரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் மருந்து விரைவில் கலைந்துபோகாமல் நிற்கிறது, இரத்தக் கசிவும் குறைகிறது. உதட்டின் மரப்பு 3 முதல் 5 மணி நேரம் வரை நீடிக்கலாம். ஆனால் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: இந்த ஊசி வலியை நிறுத்துமே தவிர, அழுத்தத்தையும் அதிர்வையும் முழுவதுமாக நிறுத்தாது. தாடையை யாரோ அழுத்துவதும், எலும்பைத் தேய்க்கும் கருவியின் இரைச்சலும், பல் பிளக்கும்போது எழும் "டக்" என்ற ஓசையும் உங்களுக்குத் தெரியும். இதைச் சொல்லி வைக்காத இடங்களில்தான், ஊசி வேலை செய்யவில்லை என்று பலரும் பதறிப்போகிறார்கள்.

அந்த ஓசையையும் அழுத்தத்தையுமே தாங்க முடியாது என்றால், முழு மயக்கத்துக்குப் போகுமுன் இடைப்பட்ட வழிகளைக் கேட்டுப் பாருங்கள். ஒன்று, நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை ஆக்சிஜனுடன் கலந்து மூக்கின் வழியே சுவாசிக்கச் செய்வது. பல் மருத்துவத்தில் இது பழைய முறைதான். ஹோரஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1844-இல் இந்த வாயுவைச் சுவாசித்துத் தம் பல்லையே எடுக்கச் செய்தார். இன்று கொடுக்கும் அளவில் நினைவு தப்பாது. பயம் தணிந்து உடல் தளரும், வாயுவை நிறுத்திய சில நிமிடங்களில் தெளிந்துவிடும். மற்றொன்று, மிடசோலம் போன்ற உறக்க மருந்தைக் கையின் இரத்தக்குழாயில் செலுத்துவது. கூப்பிட்டால் பதில் சொல்லும் அரைத்தூக்க நிலை வரும். நடந்தவற்றில் பெரும்பகுதி பிறகு நினைவிலேயே இருக்காது. இதைச் செய்யப் பயிற்சி பெற்றவரும், ஆக்சிஜன் அளவையும் நாடித்துடிப்பையும் தொடர்ந்து காட்டும் கருவியும் அங்கே இருக்க வேண்டும். உங்களைப் போன்ற அச்சமுள்ளவருக்கு, உடல்நிலை இடம் கொடுத்தால், இதுவே பொருத்தமானது என்பது என் கருத்து.

முழு மயக்கத்தில், வாய் மருத்துவரின் கைக்கு இடைஞ்சலின்றி இருக்க வேண்டும் என்பதால், சுவாசக் குழாயைப் பெரும்பாலும் மூக்கு வழியாகச் செலுத்துவார்கள். முன்பரிசோதனைகள், மயக்கவியல் மருத்துவர், அறுவை அரங்கு எல்லாம் தேவை. பிறகு தொண்டைக் கரகரப்பும் குமட்டலும் வரலாம். நான்கு பற்களும் எலும்புக்குள் ஆழப் புதைந்திருந்தாலோ, பல்லைச் சுற்றிப் பெரிய நீர்க்கட்டி இருந்தாலோ, ஒத்துழைக்க இயலாத நிலையில் நோயாளி இருந்தாலோ இந்த முயற்சி நியாயமானது. உங்கள் தோழிக்கும் அப்படி ஒரு காரணம் இருந்திருக்கலாம். உதட்டு உணர்ச்சி நரம்பு பாதிக்கப்படும் வாய்ப்பு முக்கியமாக வேர் அந்த நரம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எக்ஸ்-ரேயைக் காட்டி அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். முழு மயக்கம் அந்த வாய்ப்பைக் குறைப்பதில்லை.

கேள்வி: சென்ற முறை கன்னம் வீங்கியிருந்தபோது பல் எடுக்கப் போனேன். இரண்டு ஊசி போட்டும் வலித்தது, நெஞ்சும் படபடத்தது. எனக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாதா?

பதில்: வலித்ததற்கு உங்கள் உடல்வாகைவிட அந்த வீக்கமே காரணமாக இருக்கக்கூடும். சீழ் பிடித்த இடத்தில் திசு அமிலத்தன்மை அடைகிறது. மரப்பு மருந்து மின்னூட்டம் இல்லாத வடிவில்தான் நரம்பின் உறைக்குள் நுழையும். அமிலத்தில் அந்த வடிவம் குறைந்துபோவதால், போட்ட மருந்தில் சிறு பகுதியே வேலை செய்கிறது. அதனால்தான், அவசரம் இல்லாதபோது, முதலில் நோய்த்தொற்றைத் தணித்துவிட்டுப் பிறகு பல்லை எடுக்கிறார்கள். படபடப்பு பெரும்பாலும் அட்ரினலினாலோ பயத்தாலோ வருவது. சில நிமிடங்களில் அடங்கிவிடும். லிடோகெய்னுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. ஆயினும் நடந்ததை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இதய நோய், இரத்த அழுத்தம், ஆஸ்துமா, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும், எந்த மாத்திரை எடுத்துக்கொண்டாலும் மறைக்க வேண்டாம். வலித்தால் கையைத் தூக்குவதாக முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் மருந்து போட வழி உண்டு.

கேள்வி: கையின் இரத்தக்குழாயில் மருந்து கொடுத்துப் பல் எடுத்தால், அன்றே நானே வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பலாமா?

பதில்: கூடாது. தெளிவாக இருப்பதாக உங்களுக்குத் தோன்றினாலும் 24 மணி நேரத்திற்கு வண்டி ஓட்டுவதும் முக்கியமான பத்திரங்களில் கையெழுத்திடுவதும் வேண்டாம். அழைத்துச் செல்லப் பெரியவர் ஒருவர் உடன் வர வேண்டும். முழு மயக்கத்திற்கும் இதே விதிதான். அதற்கு 6 மணி நேரம் முன்பே உணவையும், 2 மணி நேரம் முன்பே தண்ணீரையும் நிறுத்தச் சொல்வது வழக்கம். மரப்பு ஊசி மட்டும் போட்டுக்கொண்டவர், மரப்பு நீங்கும்வரை சூடான எதையும் குடிக்காமலும் உதட்டைக் கடித்துக்கொள்ளாமலும் பார்த்துக்கொண்டால் போதும்.