பள்ளிக் கணினியின் தடுப்பை மாணவர்கள் எப்படித் தாண்டுகிறார்கள்?

தளங்களை முடக்கி வைத்தும் பிள்ளைகள் திறந்துவிடுகிறார்களே, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த பள்ளியொன்றில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பல பள்ளிகளில் தடுப்பு என்பது டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்குரிய முகவரியைத் தேடித் தரும் சேவை) அளவில் மட்டுமே இருக்கிறது. அதாவது, தளத்தின் பெயரைக் கேட்டால் அதற்குரிய ஐபி என்ற எண் முகவரியைத் தர மறுப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. நெட்வொர்க் அமைப்பில் 8.8.8.8 என்ற கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரியை மாணவன் எழுதிவிட்டால், வெளியே செல்லும் அந்தக் கேள்விகளைப் பள்ளி நெட்வொர்க்கின் காவல் அமைப்பான ஃபயர்வால் மறிக்காதவரை, தடுப்பு அவனைத் தொடுவதே இல்லை. எங்கள் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இதைத்தான் செய்திருந்தான். இந்த அமைப்பை மாற்றக் கணினியின் நிர்வாகி, அதாவது அட்மின் கடவுச்சொல் வேண்டும்; அதை மானிட்டரின் பின்புறம் ஒட்டி வைத்தது எங்கள் பிழை. ஆகவே, மாணவர்களுக்கு அட்மின் உரிமையில்லாத தனிக் கணக்கைக் கொடுங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது, தடுப்பைத் தாண்ட மாணவர்கள் பயன்படுத்தும் இன்னொரு வழியான இலவச விபிஎன் செயலிகள்தான். மாணவனின் இணையப் போக்குவரத்து முழுவதும் முகம் தெரியாத ஒருவரின் சர்வர் வழியாகப் போகிறது. எச்டிடிபிஎஸ் என்ற குறியாக்க முறை உள்ளடக்கத்தை மறைத்தாலும், எந்தத் தளத்துக்குப் போகிறான் என்பது அங்கே தெரிந்துவிடும்.

பிடிபட்டவனை மிரட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து "எப்படிச் செஞ்சே கண்ணு?" என்று கேளுங்கள். எங்கள் பையன் காட்டிய பிறகுதான் இன்னும் நான்கு கணினிகளில் அதே ஓட்டை இருப்பது தெரிந்தது.