பீச்சம் மாத்திரை டப்பியில் அரசு முத்திரை: அது அங்கீகாரமா?

இல்லை, அது வெறும் வரிச்சீட்டு. பீச்சம் என்பது பிரிட்டனில் அஜீரணத்துக்கென்று விற்ற பழைய மாத்திரை. அங்கே பேட்டன்ட் மருந்துகளுக்கு, அதாவது கம்பெனிகள் தங்கள் பெயரில் விற்ற தயார் மருந்துகளுக்கு, முத்திரை வரி இருந்தது: 1 ஷில்லிங் சரக்குக்கு 1½ பென்னி. டப்பியில் 1 ஷில்லிங் 1½ பென்னி என்று விசித்திரமான விலை இருப்பது அதனால்தான். அரசே சிபாரிசு செய்ததாக ஜனங்கள் நினைத்தால் கம்பெனிக்கு என்ன நஷ்டம்?

சீட்டை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பீச்சம், செயின்ட் ஹெலன்ஸ் (கம்பெனி இருந்த ஊர்) என்று அச்சாகியிருக்க வேண்டும். ஆனால் இந்த வரி 1941 வரை நீடித்தது. சீட்டை மட்டும் நம்பி விக்டோரியா காலத்து டப்பி என்று முடிவு கட்டாதீர்கள்.

மாத்திரை அஜீரணத்தைக் குணமாக்கியதா? பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909-இல் வெளியிட்ட பகுப்பாய்வில் தேறியவை மூசாம்பரம் (உலர்ந்த கற்றாழைச் சாறு), சுக்கு, சோப்பு. மூசாம்பரம் பேதி மருந்து; மலச்சிக்கலால் வந்த உப்புசம் இறங்கும், வயிற்றுப்புண்ணுக்கு உதவாது. உள்ளே மாத்திரை மிச்சமிருந்தால் வாயில் போட வேண்டாம்.