"பெய்லிஃப் வந்த பிறகு வாருங்கள்" என்கிறது கவுன்சில்: என்ன செய்வது?

கேள்வி: கிழக்கு லண்டனில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டைக் காலி செய்ய நீதிமன்றம் கொடுத்த கெடு அடுத்த வாரம் முடிகிறது. 4, 9 வயதில் பிள்ளைகள். கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்), பெய்லிஃப் (நீதிமன்ற உத்தரவுப்படி வீட்டைக் காலி செய்ய வைக்கும் அதிகாரி) வரட்டும் என்கிறது. கவுன்சிலின் சமூகநலப் பிரிவான சோஷல் சர்வீஸ், பிள்ளைகளை மட்டும் ஏற்கலாம் என்கிறது.

பதில்: கவுன்டரில் வாயால் சொன்ன மறுப்பை வைத்துக்கொண்டு மேலே போவது கடினம். கடிதமாக வாங்கினால் 21 நாளுக்குள் மறுஆய்வு கேட்கலாம். பல குடும்பங்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

1996 வீட்டுவசதிச் சட்டம், 7ஆம் பகுதியின்கீழ் விண்ணப்பிப்பதாக இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். நீதிமன்ற உத்தரவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, விசா ஆதாரம் மூன்றையும் இணையுங்கள். 188ஆம் பிரிவின்படி தற்காலிக இடம் கேளுங்கள்; விண்ணப்பத்தை மறுத்தால் 184ஆம் பிரிவின்படி காரணத்தோடு கடிதம் வேண்டும் என்று எழுதுங்கள். தற்காலிக இடத்துக்கு முழு விசாரணை முடிய வேண்டியதில்லை. நீங்கள் வீடற்றவராக இருக்கலாம், விசா நிலைப்படி உதவிக்குத் தகுதியுள்ளவராக இருக்கலாம் என்று நம்பக் காரணம் இருந்தால் போதும். சின்னப் பிள்ளைகள் இருப்பதால் முன்னுரிமை தானாகவே வந்துவிடும்.

நீதிமன்றக் கெடு தாண்டியும் ஒருவரை அதே வீட்டில் இருக்கச் சொல்வது பெரும்பாலும் நியாயமாகாது என்று அரசின் வழிகாட்டியே சொல்கிறது. பெய்லிஃப் செலவும் கடைசியில் உங்கள் தலையில் விழலாம். அதற்காக அவசரப்பட்டுச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். கவுன்சில் எழுத்தில் ஒப்புக்கொள்ளுமுன் வெளியேறினால், வேண்டுமென்றே வீட்டை இழந்தவர் என்று முத்திரை குத்திவிடக்கூடும்.

தற்காலிக இடமாக பி அண்ட் பி (காலை உணவோடு தங்கும் விடுதி) அறை கிடைத்தால் நுழைந்த தேதியைக் குறித்துவையுங்கள். சமையலறை, குளியலறையைப் பிறரோடு பகிரும் அத்தகைய அறையில், வேறு இடமே இல்லாதபோது மட்டும், அதுவும் 6 வாரம் வரைதான் பிள்ளைகளுள்ள குடும்பத்தை வைக்கலாம். கவுன்சிலுக்கே சொந்தமான விடுதிக்கு இந்த வரம்பு பொருந்தாது. யாருடைய கட்டடம் என்று முதலிலேயே கேளுங்கள். 6 வாரம் தாண்டினால் சட்ட உதவி வழக்கறிஞரின் ஒரு கடிதம் பல நேரம் வேலையை நகர்த்தும். கவுன்சிலில் முறைப்படி புகார் கொடுத்தும் தீராவிட்டால், கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம்.

பின்னர் முதன்மைக் கடமையின்கீழ் (உங்களுக்கு வீடு தரும் கவுன்சிலின் பொறுப்பு) பிடிக்காத வீடு தந்தாலும் மறுக்காதீர்கள். ஏற்றுக்கொண்டு குடியேறி, பொருத்தமில்லை என்று மறுஆய்வு கேளுங்கள். மறுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று கவுன்சில் கைகழுவ வழியுண்டு.

"பிள்ளைகளை மட்டும்" என்ற பேச்சுக்குப் பயந்து எதிலும் கையெழுத்திடாதீர்கள். 1989 குழந்தைகள் சட்டத்தின் 20ஆம் பிரிவில் பிள்ளையை ஒப்படைப்பது பெற்றோர் சம்மதத்தில்தான். சம்மதமில்லாமல் எடுக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும், அல்லது உடனடி ஆபத்தில் போலீஸ் 72 மணி நேரம் வரை பாதுகாப்பில் வைக்கலாம். அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு குடும்பம் முழுவதற்கும் இடம் கொடுக்க அதிகாரம் தருகிறது. அந்தப் பிரிவின்கீழ் பிள்ளைகளின் தேவைகளை மதிப்பீடு செய்ய வேண்டும் என்று சோஷல் சர்வீஸுக்குத் தனி மின்னஞ்சல் அனுப்புங்கள். அரசு உதவி கூடாது என்ற நிபந்தனை விசாவில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இது ஒன்றுதான் வழி. மதிப்பீட்டுக்கு 45 வேலைநாள் வரை ஆகலாம். ஆனால் அது முடியும்வரை காத்திருக்காமல் இடைக்கால உதவி தரலாம் என்பதையும் அதே மின்னஞ்சலில் எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் மூடிவிட்டால், கவுன்சிலின் அலுவல் நேரத்துக்குப் பிந்தைய அவசர எண்ணை அழைத்து, பேசியவர் பெயரையும் நேரத்தையும் எழுதிவையுங்கள்.